தீர்ப்பளித்தவர் நெஞ்சு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், உப்பளங்களின் வெண்மை கண்ணில் படுவதற்கு முன்பாகவே பெருமுக்கல் குன்று எழுந்து நிற்கிறது. உச்சியில் முக்தியாசலேசுவரர் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், ஒரு குகைப் பாறையில் தொன்மாந்தர் கீறி வைத்த உருவங்கள். அந்தக் குகையை ஊரார் சீதை குகை என்கின்றனர். இராமனால் காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதை தங்கிய இடம் இது என்பதும், வால்மீகி முக்தி பெற்றது இம்மலையில் என்பதும் அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இதே உரிமையை வேறு ஊர்களும் கொண்டாடுகின்றன. அதைப் பற்றி நாம் வழக்காடப் போவதில்லை. குற்றத்தைப் பற்றியும் மனச்சான்றைப் பற்றியும் இந்நாட்டு மக்கள் சொல்லிவந்த பழங்கதைகளில் இரண்டு, இந்த ஒரே குன்றின்மேல் வந்து தங்கியிருப்பதுதான் நம்மை நிறுத்தி வைக்கிறது.

முதற்கதை வால்மீகியுடையது. வழிப்பறி செய்து குடும்பத்தைக் காத்த வேடனிடம் முனிவர்கள் ஒரு கேள்வி கேட்கின்றனர்: யாருக்காக இதைச் செய்கிறாயோ, அவர்கள் உன் பாவத்திலும் பங்கு கொள்வார்களா? அவன் வீட்டுக்கு ஓடிப் போய்க் கேட்கிறான். சோற்றில் பங்கு கொண்டவர்கள் பாவத்தில் பங்கு வேண்டாம் என்று விடுகிறார்கள். அங்கே அவன் நெஞ்சு உடைகிறது. சீதையின் கதையிலோ குற்றம் செய்தவர் என்று எவருமில்லை. மாசற்றவள் என்று தீயே சான்று கூறிய பெண்ணை, ஊர்வாய்க்கு அஞ்சி ஓர் அரசன் தள்ளி வைக்கிறான். முன்னதில் நாம் பார்ப்பது குற்றவாளியின் நெஞ்சை. பின்னதில் தீர்ப்பளித்தவரின் நெஞ்சை. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நாம் சொல்ல வந்தது முழுவதும் இதைச் சுற்றியே அமையும்.

இக்குன்று ஒரு காலத்தில் கோட்டையாகவும் இருந்தது. ஆங்கிலேயர் தம் போர்க் குறிப்புகளில் இதைப் 'பெர்மாகோயில்' என்று எழுதினர். 1760-இல் அயர் கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இதைக் கைப்பற்றினார். அடுத்த சனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. அதே ஆங்கிலேயரின் தலைநகரில், 1764-இன் இறுதியில், ஒரு சிறு நாவல் வெளியாயிற்று. ஒட்ரான்டோ நகரின் தூய நிக்கோலாஸ் ஆலயக் குரு ஒருவர் இத்தாலிய மொழியில் எழுதியது, இப்போது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது என்று முகப்பில் அச்சிட்டிருந்தார்கள். அப்படி ஒரு குருவும் இல்லை, இத்தாலிய மூலமும் இல்லை. எழுதியவர் ஹொரேஸ் வால்போல் என்னும் செல்வர். அடுத்த பதிப்பில் அவரே அதை ஒப்புக்கொண்டு, நூலுக்குக் 'கோதிக் கதை' என்று பெயரும் சூட்டினார். கோதிக் என்றால் நம்மவர்க்குப் புதுச்சேரித் தூய இருதய ஆண்டவர் பேராலயத்தின் கூரிய வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளும் நினைவுக்கு வரும். ஆங்கிலேய வாசகருக்கோ அவ்வளைவுகளுக்குக் கீழேயிருந்த இருள்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

'ஒட்ரான்டோ கோட்டை'யின் கதை எளியது. மான்ஃபிரட் என்னும் சிற்றரசன் ஆளும் நாடு அவனுடையதன்று. உரிமையுள்ள அரசனை அவன் பாட்டன் நஞ்சிட்டுக் கொன்று அடைந்தது. வானத்திலிருந்து விழுந்தாற்போல் ஒரு மாபெரும் தலைக்கவசம் மணநாளன்று அவன் மகனை நசுக்குகிறது. இறுதியில் இருட்டில் ஆள் தெரியாமல் தன் மகளைத் தானே குத்திக் கொல்கிறான். கொன்றவன் பாட்டன், சாவது கொள்ளுப்பேரப்பிள்ளைகள். மறைக்கப்பட்ட குற்றம் சுவரிலும் தரையிலும் குடியிருந்து, தலைமுறை கடந்து கணக்குக் கேட்கிறது. இதற்குப் பின் வந்த கோதிக் கதைகள் பெரும்பாலும் இந்த ஒரு பயத்தையே வெவ்வேறு வீடுகளில் குடியமர்த்தின.

இக்கதைகளைப் படிக்கும் கத்தோலிக்கருக்கு ஒரு சங்கடம் உண்டு. பாதகர்களில் பலர் துறவியர். 1796-இல் வெளிவந்த மேத்யூ லூயிஸின் 'துறவி' இதன் உச்சம். அடுத்த ஆண்டு ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'இத்தாலியன்' சற்றே நிதானமானது. நம் கருத்தில் மேலானதும் அதுவே. அந்நாவல் ஒரு பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் தொடங்குகிறது. 1764-இல் நேப்பிள்சுக்கு வந்த ஆங்கிலப் பயணிகள், கொலைகாரன் ஒருவன் கோயிலில் அடைக்கலமாகச் சோறு தண்ணீருடன் வாழ்வதைக் கண்டு திகைக்கிறார்கள். அவர்களுடைய இத்தாலிய நண்பர் அங்கிருந்த தொட்டியைக் காட்டி, அதில் ஒரு முறை கேட்கப்பட்ட பயங்கர வாக்குமூலத்தைப் பற்றிச் சொல்கிறார். கொடியதொன்றைக் கேட்டுவிட்டு வாய் திறவாதிருக்கும் ஒரு மனிதரை ஆங்கிலேயரால் புரிந்துகொள்ள முடியவில்லை. அவர்களுடைய அச்சத்தை நாம் குறைகூற மாட்டோம். வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்தச் சிறிய மரக்கூடு அப்படித்தான் தோன்றும்.

அந்த மரக்கூட்டின் வரலாற்றைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இரண்டு சட்டங்களை இயற்றியது. இருபத்தொன்றாம் சட்டம் நாம் மறைக்கல்வியில் கற்றதுதான்: ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம், கேட்டதை வெளியிடும் குரு பணிநீக்கம் பெற்று வாழ்நாள் முழுவதும் மடத்தில் தவம் செய்ய வேண்டும். பதினெட்டாம் சட்டத்தை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. அதுவரை ஐரோப்பாவில் ஐயத்துக்குரியவனைக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கச் செய்தும், நீரில் அமிழ்த்தியும் உண்மையறிவது வழக்கம். அந்த இரும்பையும் நீரையும் மந்திரித்துக் கொடுத்தவர் குரு. இனி எந்தக் குருவும் அதைச் செய்யக் கூடாது என்றது பதினெட்டாம் சட்டம். குருவின் கை விலகியதும் அந்தச் சோதனைகள் மெல்ல மறைந்தன. தீயிடம் கேட்ட கேள்வியை மனிதரின் நெஞ்சிடமும் சாட்சிகளிடமும் கேட்க வேண்டியதாயிற்று. சீதை புகுந்த நெருப்பை ஒரு பொதுச்சங்கம் அணைத்தது என்று சொல்லலாம்; ஆனால் அது முழுவதும் அணைந்துவிடவில்லை. இன்றும் நம் ஊர்களில் ஒரு சங்கிலி காணாமற்போனால் மை போட்டுப் பார்க்கிறார்கள். சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள். வேலைக்காரப் பெண்ணைக் குருசடிக்கு அழைத்துவந்து, 'சாமி, இவளைப் பீடத்தைத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள்' என்று நம்மிடமே கேட்கிறார்கள். கேட்பவர்கள் பொல்லாதவர்களுமல்லர். நகையை இழந்தவர்கள், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் முகத்தை அவர்கள் அந்நேரத்தில் பார்ப்பதில்லை.

தீச்சோதனை போன இடத்தில் வேறொன்று வந்தது. கண்ணால் கண்ட சாட்சி இல்லையேல் குற்றவாளியின் வாக்குமூலமே சிறந்த சான்று என்று ஐரோப்பிய நீதிமன்றங்கள் கொண்டன. வாக்குமூலம் வேண்டும் என்றால், அதை வருவிக்கும் வழிகளும் வேண்டுமல்லவா? அவற்றைப் பற்றி விரிவாக எழுத மனம் வரவில்லை. திருச்சபையின் நீதிமன்றங்களும் அதில் கை நனைத்தன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' (1818) இந்த இடத்தில்தான் நமக்கு முக்கியமாகிறது. பிணத் துண்டுகளால் ஓர் உயிரைப் படைத்த அறிவியலாளன் கதை என்று எல்லாரும் அறிவர். தமிழில் இதைப் 'பிரேத மனிதன்' என்னும் பெயரில் தந்தவர் புதுமைப்பித்தன். ஆனால் அந்நாவலில் ஜஸ்டின் என்னும் பணிப்பெண் ஒருத்தி இருக்கிறாள். படைக்கப்பட்ட அவ்வுரு விக்டரின் தம்பியைக் கொன்றுவிட்டு, சிறுவன் கழுத்திலிருந்த படத்தை அவள் உடையில் ஒளித்து வைக்கிறது. அவள் கைதாகிறாள். கத்தோலிக்கப் பெண்ணாகிய அவளிடம் வந்த குரு, ஒப்புக்கொள்ளாவிட்டால் திருச்சபையிலிருந்து விலக்கு, பின் நரகம் என்று அச்சுறுத்துகிறார். செய்யாத கொலையைச் செய்ததாக அவள் கூறிவிட்டுத் தூக்குமேடை ஏறுகிறாள். உண்மை தெரிந்த விக்டரோ, சொன்னால் யார் நம்புவார் என்று வாளாவிருக்கிறான். அவன் நெஞ்சு வேகிறது; அந்த வேக்காடு அவளுக்கு ஒரு பயனும் தரவில்லை. மனச்சான்று உறுத்தியதையே ஒரு நற்பண்பாக எண்ணிக்கொள்வோர் இந்த அத்தியாயத்தை ஒரு முறை படிப்பது நல்லது. குருக்களாகிய நாம் இரு முறை படிக்கலாம்.

இனி எட்கர் ஆலன் போ. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்னும் நம் பழமொழியை அவரைப் போல் எழுத்தெண்ணிக் கதையாக்கியவர் இல்லை. 1843-இல் வந்த அவருடைய சிறுகதையில் ஒருவன் ஒரு கிழவரைக் கொன்று, உடலைத் தரைப் பலகைக்குக் கீழே மறைத்து, அந்தப் பலகைமேலேயே நாற்காலி போட்டுக் காவலரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். காவலர்க்கு ஐயமில்லை. அவன் காதில் மட்டும் இறந்தவரின் இதயம் துடிக்கிறது, துடிப்பு வலுக்கிறது, அவர்களும் கேட்டுக்கொண்டே நடிக்கிறார்கள் என்று எண்ணி அலறிப் பலகையைப் பெயர்க்கச் சொல்லிவிடுகிறான். இதைப் பலர் மனச்சான்றின் வெற்றி என்கின்றனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் அந்தக் கிழவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. தாங்க முடியாத ஓர் ஒலியிலிருந்து தப்பிக்கிறான். உத்தம மனஸ்தாபத்துக்கும் அச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குருமடத்தில் பல நாள் கற்பித்தார்கள். போ அதைப் பத்துப் பக்கத்துக்குள் காட்டிவிடுகிறார்.

அவருடைய விந்தை என்னவென்றால், இக்கதைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1841-இல், துப்பறியும் கதையையும் அவரே தொடங்கி வைத்துவிட்டார். பாரிஸ் நகரின் ஒரு தெருவில் தாயும் மகளும் கொல்லப்படுகின்றனர். டூப்பின் என்பவர் சாட்சிகளின் சொற்களையும், சன்னலையும், மயிர்க்கற்றையையும் ஆராய்ந்து உண்மையைக் காண்கிறார். கொன்றது ஓர் ஒராங்குட்டான் குரங்கு! உலகின் முதல் துப்பறியும் கதையில் குற்றவாளிக்கு மனச்சான்றே கிடையாது. அது தேவைப்படவுமில்லை. தடயம் பேசும்போது நெஞ்சு பேச வேண்டியதில்லை. ஒரே கை எழுதிய இந்த இரு கதைகளிலிருந்து இரண்டு ஆறுகள் புறப்பட்டன. ஒன்றில் தாஸ்தயேவ்ஸ்கி வருகிறார்: 1866-இன் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் விசாரணை அதிகாரியிடம் உறுதியான சான்று இல்லை, அவர் ரஸ்கோல்னிகோவின் நெஞ்சு பழுக்கும்வரை காத்திருக்கிறார். மற்றதில் ஷெர்லாக் ஹோம்ஸும் அவருக்குப் பின் வந்த நூறு பேரும் வருகிறார்கள்.

முதல் ஆறு உயர்ந்தது, இரண்டாவது பொழுதுபோக்கு என்று தீர்ப்பளிப்பது எளிது. சென்னை மாகாணத்தின் வரலாற்றை அறிந்தவர் அப்படிச் சொல்லத் தயங்குவார்.

1855-இல் இம்மாகாணத்தின் சித்திரவதைகளை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் தன் அறிக்கையைத் தந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அதன் உறுப்பினர். வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் குடிமக்கள் வதைக்கப்பட்டது உண்மை என்று அவர்கள் எழுதினர். விரல்களை இடுக்கி நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் குனிய வைத்துக் கட்டும் அண்ணாந்தாள் என்னும் தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் ஏறின. நம் மொழி உலகுக்கு அளித்த சொற்களின் பட்டியலில் இவற்றை யாரும் சேர்ப்பதில்லை. ஆணையம் பழியைச் சுதேசிச் சேவகர்மேல் வைத்து, ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இதில் உடந்தையில்லை என்று கூறியது. வரித்தொகையை விதித்தவர்கள் யார் என்ற கேள்வியை அது நீட்டவில்லை. 1859-இல் காவல்துறை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. 1872-இன் சாட்சியச் சட்டம் காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்று விதித்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் காத்து வருகிறது.

அச்சட்டத்தை வரைந்த ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், இந்திய அதிகாரி ஒருவர் தமக்குக் கூறிய காரணத்தைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். வெயிலில் அலைந்து தடயம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாய்ப்பொடியைத் தேய்ப்பது சுகமாம். துப்பறிவாளர் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நமக்குக் கிடைக்கவில்லை. வெயிலில் அலையச் சம்மதிப்பவர் அவர். சாம்பலையும் காலடித் தடத்தையும் அவர் குனிந்து பார்க்கும் நேரமெல்லாம் யாரோ ஒருவரின் கண் காப்பாற்றப்படுகிறது. தடயத்தை நம்புவது மனச்சான்றை ஓரங்கட்டுவது என்று முன்னே சொன்னவர்களுக்கு இதுவே நம் மறுமொழி. பிறர் நெஞ்சைப் பிளந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வதும் மனச்சான்றின் வேலைதான்.

தமிழில் இந்த வெயிலை நன்கு அறிந்திருந்த முதல் நாவலாசிரியர் ஒரு கத்தோலிக்கர். தரங்கம்பாடியிலும் மாயவரத்திலும் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, உயர்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்தவர். 1879-இல் வந்த அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' சிரிப்புக் கதைகளின் கோவை போலத் தெரியும். ஆனால் அதன் நடுவில் நாயகன் செய்யாத குற்றத்துக்காகச் சிறை செல்கிறான். ஆண் வேடத்தில் அரசாள நேர்ந்த மனைவி ஞானாம்பாள் அவனை விடுவிக்கிறாள். வழக்காடுவோருக்குப் புரியாத ஆங்கிலத்தில் வழக்கு நடப்பதை அந்நூல் எள்ளி நகையாடுகிறது. தன் உயிரைப் பற்றிய பேச்சு தனக்கே விளங்காமல் கூண்டில் நிற்பவனை அவர் நாள்தோறும் மேசைக்கு அப்பால் பார்த்திருப்பார். நீதிபதியின் நாற்காலியில் இருந்துகொண்டு, நேர்மையான நீதியைக் கற்பனை செய்ய ஒரு பெண்ணை அரியணையில் ஏற்ற வேண்டியிருந்தது அவருக்கு.

அவருக்குப் பின் வந்தவர்கள் நேரே ஆங்கிலக் கடைவீதிக்குச் சென்றனர். நடேச சாஸ்திரி 1894-இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணரின் கதைகளை வெளியிட்டார். ஆரணி குப்புசாமி முதலியார் ரெய்னால்ட்ஸின் நாவல்களைத் தமிழாக்கிக் குவித்தார். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-இல் வந்தது. துப்பறியும் கோவிந்தன் வீட்டுப் பெயரானார். இவற்றைக் கேவலமாகப் பேசுவது இலக்கியவாதிகளின் வழக்கம், நமக்கு உடன்பாடில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தவர்களை இரவு விளக்கின்முன் உட்கார வைத்த நூல்கள் அவை. குறை வேறிடத்தில் உள்ளது. உண்மை வெளிப்பட்டதும் கெட்டவன் கெட்டவன்தான், நல்லவன் நல்லவன்தான். தவறாகச் சந்தேகப்பட்டவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்யாண விருந்துக்கு அமர்ந்துவிடுவார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியார் இவர்களில் சுவையானவர். துறவிக் கோலத்தில் துப்பறிபவர். 1950-இல் அது திரைப்படமானபோது நம்பியார் அவ்வேடத்தில் நடித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்திலும் ஒரு துறவற உடை துப்பறியக் கிளம்பியது தற்செயலே.

செஸ்டர்ட்டனின் ஃபாதர் பிரௌன் 1910-இல் தோன்றினார். கதாசிரியர் அப்போது கத்தோலிக்கர் அல்லர். 1922-இல்தான் திருச்சபையில் சேர்ந்தார். இக்குருவுக்கு முன்மாதிரி ஜான் ஓகானர் என்னும் உண்மையான பங்குக் குரு. குற்றங்களைப் பற்றி ஒன்றும் அறியாத அப்பாவி என்று பிறர் எண்ணிய ஒருவர், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து எல்லாம் கேட்டவர் என்பதே அக்கதைகளின் விசை. 'கடவுளின் சுத்தியல்' என்னும் கதையில், கோயில் கோபுரத்திலிருந்து சுத்தியலைப் போட்டுத் தன் அண்ணனைக் கொன்றவர் ஆங்கிலிக்கக் குரு ஒருவர். பிரௌன் அவரைக் கோபுரத்தின் மேலேயே தனித்துச் சந்தித்து, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறார். அடுத்த அடியை நீரே எடும் என்று விட்டுவிடுகிறார். அந்த மனிதர் தாமே இறங்கிப் போய்த் தம்மை ஒப்புவிக்கிறார். 1927-இல் வந்த தொகுப்பில் பிரௌன் தம் முறையை விளக்குகிறார்: ஒவ்வொரு கொலையையும் தாமே செய்தவராகத் தம்மை உள்ளுக்குள் உணரும் வரை அவருக்கு விடை கிடைப்பதில்லை. ஆராய்பவர் முதலில் தம் நெஞ்சுக்குள் இறங்கி அங்கே கொலைகாரரைக் கண்டால்தான் வெளியே அவரை அடையாளம் காண முடியும் என்பது இதன் பொருள். கோவிந்தனுக்கு இது விளங்கியிராது. மதுரையில் ஒருவனுக்கு விளங்கியது.

சிலப்பதிகாரத்தை ஒரு திருட்டு வழக்காகப் படித்துப் பாருங்கள். பொருள் காணாமற்போயிருக்கிறது. திருடனே புகார்தாரன், அரண்மனைப் பொற்கொல்லன். ஊருக்குப் புதிய ஒருவன் அதே போன்ற சிலம்பை விற்க வருகிறான். விசாரணை இல்லை, அரசி ஊடியிருக்கும் அவசரத்தில் மன்னன் வாயில் ஒரு சொல் பிறழ்கிறது. வெட்டுண்டவனின் மனைவி அவைக்கு வந்து தடயத்தைக் கேட்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து. இவள் சிலம்பை உடைத்தால் மாணிக்கம். டூப்பின் கூட இதைவிடச் சுருக்கமாக ஒரு வழக்கை முடித்ததில்லை. ஆனால் இளங்கோவின் கண் அதன்பின் பொற்கொல்லனைத் தேடிச் செல்லவில்லை. அவன் பிடிபட்டானா, அழுதானா, இரவில் தூங்கினானா, ஒரு சொல் இல்லை. அரியணையில் இருந்தவன் தன்னையே கள்வன் என்று அழைத்து விழுந்து இறக்கிறான். போவின் கதையில் கொலையாளியின் காதில் இதயம் துடிக்கிறது. இங்கே துடிப்பை நிறுத்திக்கொள்வது நீதிபதியின் இதயம்.

நம் பேய்க் கதையும் இதே வழியில்தான் செல்கிறது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியை அறியாதார் இல்லை. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்க, கையில் குழந்தையோடு மனைவிக் கோலத்தில் வருகிறாள். வணிகன் இவள் பேய் என்று கதறுகிறான். ஊர் வேளாளர் எழுபதுபேர் வழக்கைக் கேட்டு, அஞ்சாமல் இவளோடு தங்கு, உனக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிர் பிணை என்று தீர்ப்பளிக்கிறார்கள். விடியும்போது அவன் இறந்து கிடக்கிறான். எழுபதுபேரும் தீயில் இறங்குகிறார்கள். ஐரோப்பியக் கோதிக் கதையாக இருந்தால் பழி தீர்ந்த அந்த இரவோடு முடிந்திருக்கும். நம்மவர் மறுநாள் காலைக்காகக் காத்திருந்தார்கள். இத்தனைக்கும் நம் பேச்சுவழக்கில் மிஞ்சியது 'நீலிக் கண்ணீர்' ஒன்றுதான். கொலையுண்ட பெண்ணின் அழுகை பொய்யழுகைக்குப் பெயராயிற்று. பிணை நின்றவர்களைப் பற்றி ஒரு சொல்வழக்கும் பிறக்கவில்லை.

1993 செப்டம்பரில் விழுப்புரம் தனி மாவட்டமாகும்வரை பெருமுக்கல் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது. அதே ஆண்டில், அதே தென்னார்க்காட்டின் கம்மாபுரம் காவல் நிலையத்தில், நகைத் திருட்டு வழக்கில் பிடித்துச் செல்லப்பட்ட ஏழைக் குறவர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஆள் தப்பி ஓடிவிட்டான் என்றது காவல்துறை. அவர் மனைவி உயர்நீதிமன்றத்துக்கு வந்தார். பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். பல ஆண்டுகள் கழித்துக் காவலர்கள் தண்டனை பெற்றனர். 2021-இல் 'ஜெய் பீம்' திரைப்படம் இதை ஊரறியச் செய்தது. காணாமற்போன நகை, விசாரணையின்றிச் சாவு, அவையேறி வந்த மனைவி! ஒன்று மட்டும் சிலப்பதிகாரத்தில் உள்ளது இங்கே இல்லை. யாரும் தாமாக எழுந்து நானே கள்வன் என்று சொல்லவில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோதும் சொல்லவில்லை.

புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். அதுவும் அன்றைய தென்னார்க்காடே. பேய்க் கதைக்குக் 'காஞ்சனை'யை எழுதிய அவர், 1943-இல் 'சாப விமோசன'த்தையும் எழுதினார். கல்லாயிருந்து இராமன் கால் பட்டு எழுந்த அகலிகை கோதமனோடு மறுபடியும் வாழ முயல்கிறாள். இருவர் நெஞ்சும் ஆறவில்லை. பின் ஒரு நாள், வனவாசம் முடிந்து வந்த சீதை தான் தீக்குளித்ததை அவளிடம் சொல்கிறாள். தன்னை மன்னித்த அதே இராமனா அவளை அப்படிக் கேட்டான்? அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இக்கதையில் கொலையோ களவோ கிடையாது. ஆயினும் நாம் இதுவரை பேசிய கோதிக் நாவல்கள் எல்லாவற்றையும்விட இதுவே நம்மை அதிகம் அச்சுறுத்துகிறது. தீர்ப்பு வழங்கியவன் கலங்காதபோது, கேட்டுக்கொண்டிருந்தவள் கல்லாகிவிடுகிறாள்.

இவ்வளவும் எழுதியபின், நீதிபதியின் நெஞ்சே தமிழ்க் கதையின் மையம் என்று பெருமைப்படலாமா என்று எண்ணிச் சிலப்பதிகாரத்தை மீண்டும் புரட்டினோம். உரைபெறு கட்டுரை என்னும் சிறு பகுதி அதன் முகப்பிலேயே இருக்கிறது. நாம் பெரும்பாலும் தாண்டிச் செல்வது. பாண்டியன் மாண்டபின் நாட்டில் மழையில்லை. வெப்பு நோயும் குருவும் பரவின. கொற்கையிலிருந்த இளவல் வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்தான். ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். மழை பெய்தது, நாடு செழித்தது. நூல் இதை எந்தக் கலக்கமுமின்றிச் சொல்லிவிட்டு அடுத்த அரசனுக்குச் செல்கிறது. அண்ணன் தன்னைக் கள்வன் என்று சொல்லிக்கொண்டு இறந்த நாளுக்கும் இதற்கும் இடையில் அதிகக் காலம் சென்றிருக்காது. அந்த ஆயிரம் பேரில் சிலம்பைத் திருடியவன் இருந்தானா என்பதும் அங்கே எழுதப்படவில்லை.